காலு நிக்குமா டாக்டர்?

மலேசியாவின் பாடாங் மேஹாவில் அந்த வீட்டுக்குக் காலை எட்டு மணிக்குப் போனால் வாசலிலேயே ஒரு வேலை நடந்துகொண்டிருக்கும். கொதிக்கவைத்து ஆறிய உப்புத் தண்ணீர் ஒரு கிண்ணத்தில், நறுக்கிய மருந்துத் துணி ஒரு தட்டில். மகன் நாற்காலியில், அம்மா தரையில். மகனின் இடது காலில், முழங்காலுக்குக் கீழே இரண்டும் கணுக்காலுக்கு மேலே இரண்டுமாக நான்கு கம்பிகள் தோலைத் துளைத்து எலும்புக்குள் இறங்கியிருக்கின்றன. வெளியே ஒரு கறுப்புத் தண்டு அவற்றைச் சேர்த்துப் பிடித்திருக்கிறது. அம்மா ஒரு துணியை நனைத்துப் பிழிந்து, கம்பி தோலில் நுழையும் இடத்தைச் சுற்றி ஒரே ஒரு சுற்றுத் துடைத்துவிட்டு அதைப் போட்டுவிடுவார். அடுத்த கம்பிக்கு வேறு துணி. ஒரு கம்பியின் அழுக்கு இன்னொன்றுக்குப் போகக்கூடாது என்று வார்டில் நர்ஸ் மிஸ்ஸி சொல்லிக்கொடுத்தாராம். முப்பது வருடம் பால்மரம் வெட்டிய கை. பட்டையில் வெட்டு ஆழமாகப் போனால் மரம் கெடும் என்று பழகிய கைக்கு இந்த நிதானத்தை யாரும் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

மகனுக்கு வயது 23. கூலிமில் தொழிற்சாலை வேலை, இரவு ஷிப்டு. விடியற்காலையில் மோட்டாரில் வீடு திரும்பும்போது செம்பனைக் குலை ஏற்றிவந்த லோரிக்கு ஒதுங்கினான். ஓரத்து மண் சறுக்கி, லோங்காங் என்ற சாலையோரச் சாக்கடையில் விழுந்தான். மோட்டார் அவன் காலின் மேல். தூக்கியவர்கள் பார்த்தபோது எலும்பு வெளியே தெரிந்தது.

ஆஸ்பத்திரி அவசரப் பிரிவில் அம்மா கேட்ட முதல் கேள்வி, “காலு நிக்குமா டாக்டர்?” சின்ன வயது டாக்டர், தமிழ்ப் பிள்ளைதான். “கழுவிப் பாத்துட்டுத்தாம்மா சொல்ல முடியும்.” மழுப்புகிறான் என்று அம்மாவுக்கு அன்றைக்கு மகா கோபம். “ஆமா இல்லன்னு சொல்லத் தெரியாதா தம்பி? படிச்சவந்தானே?” என்று என்னிடமும் கேட்டார். பிறகு இதைப் பற்றி நான் தேடிப் படிக்கப் படிக்க ஒன்று புரிந்தது. அந்தப் பையன் சொன்னதைவிட நேர்மையான பதில் அந்த நேரத்தில் யாரிடமும் இருந்திருக்காது.

உங்கள் முழங்காலுக்குக் கீழே முன்பக்கத்தை விரலால் தடவிப் பாருங்கள். தோல், உடனே எலும்பு. நடுவில் சதையே இல்லை. பின்பக்கம் கெண்டைச்சதை மெத்தை போல இருக்க, முன்பக்கம் உடம்பு கஞ்சத்தனம் செய்திருக்கிறது. அதனால்தான் கணைக்கால் எலும்பு முறிந்தால் சுலபமாகத் தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிடுகிறது. ரத்த ஓட்டமும் அங்கே தாராளம் இல்லை. மோட்டாரில் போகிறவனுக்கு முதலில் அடிபடும் இடமும் அதுவே. மலேசியச் சாலைகளில் 2019இல் மட்டும் 6,167 பேர் இறந்தார்கள். இறப்பவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு மோட்டாரில் போனவர்கள். இந்தக் கணக்கில் கால் போனவர்கள் சேர்த்தியில்லை. எலும்பு வார்டுகளில் ஒரு சுற்று நடந்து வந்தால் அந்தக் கணக்கு தானே தெரியும்.

இப்படி வெளியே தெரியும் முறிவுகளுக்குத் தரம் பிரித்தவர் பிலிப்பைன்ஸில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய ரமோன் கஸ்டிலோ. ஆண்டர்சன் என்பவரோடு சேர்ந்து 1976இல் மூன்று வகை சொன்னார். மூன்றாவது வகை ரொம்பப் பெரிதாக இருந்ததால் 1984இல் அதை ஏ, பி, சி என்று உடைத்தார். ஏ என்றால் கிழிந்த தோலையும் சதையையும் வைத்தே எலும்பை மூடிவிடலாம். பி என்றால் மூடப் போதாது. சி என்றால் ரத்தக்குழாயும் அறுந்துவிட்டது. உலகம் முழுக்க எலும்பு டாக்டர்கள் இன்றும் இந்த மொழியில்தான் பேசிக்கொள்கிறார்கள். கோளாறு என்னவென்றால், ‘மூணு பி’ என்ற ஒரே சாக்கில் எல்லாவற்றையும் போட்டுக் கட்டியாகிவிட்டது. ஒரு உள்ளங்கை அளவு தோல் போன காலும் மூணு பி. எலும்பில் பாதி காணாமல் போய்ச் சதையும் கூழான காலும் மூணு பி. முன்னது ஆறு மாதத்தில் நடக்கும். பின்னதை வைத்துக்கொண்டு ஆறு வருடம் ஆஸ்பத்திரிக்கு அலைய நேரும்.

காலை எடுப்பதா வைப்பதா என்று சொல்ல அமெரிக்காவின் சியாட்டில் டாக்டர்கள் 1990இல் ஒரு மதிப்பெண் முறை கொண்டுவந்தார்கள். மெஸ் என்று சுருக்கமாகச் சொல்வார்கள். அடியின் வேகம், ரத்த ஓட்டம், ரத்த அழுத்தம், வயது எல்லாம் கூட்டி ஏழு வந்தால் எடுத்துவிடலாம். ரத்தக்குழாய் அறுந்த கால்களை வைத்துச் செய்த முறை அது. முதலில் அலசிய பழைய கேஸ்களும் வெறும் 25 பேருடையவை. ரத்தக்குழாய் நன்றாக இருந்து, மற்றதெல்லாம் சிதைந்துபோன காலுக்கு அதனிடம் சரியான விடை இல்லை. தோலுக்கென்று தனி மதிப்பெண்கூட அதில் கிடையாது.

இந்த இடத்தில்தான் கோயம்புத்தூர் வருகிறது. கங்கா மருத்துவமனை, மயக்க மருந்து நிபுணர் ஜே.ஜி. சண்முகநாதன் மனைவி கனகவல்லியோடு 1978இல் தொடங்கியது. பிள்ளைகளில் ஒருவர் எஸ். ராஜசேகரன், எலும்பு டாக்டர். இன்னொருவர் எஸ். ராஜ சபாபதி, பிளாஸ்டிக் சர்ஜன். அண்ணன் தம்பி இரண்டு பேரின் துறையும் ஒரே கூரையின் கீழ் இருந்தது வெறும் குடும்பச் செய்தி என்று எனக்குத் தோன்றவில்லை. மற்ற இடங்களில் எலும்பு டாக்டர் முறிவைச் சரிசெய்துவிட்டு, தோல் மூடவில்லையே என்று சில நாள் கழித்துப் பிளாஸ்டிக் சர்ஜனுக்குச் சீட்டு எழுதுவார். அதற்குள் எலும்பு காய்ந்திருக்கும், சீழ் வைத்திருக்கும். இங்கே இரண்டு பேரும் முதல் தடவையே ஒரே மேசையில் நின்று காலைப் பார்த்தார்கள். அப்படிப் பார்த்துப் பார்த்து, ராஜசேகரனும் தீனதயாளனும் சகாக்களும் 109 கால்களின் கணக்கை வைத்து ஒரு மதிப்பெண் முறை செய்து 2006இல் பிரிட்டிஷ் எலும்பு மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். எடுத்துக்கொண்டது மூணு ஏ, மூணு பி கால்களை மட்டும். ரத்தக்குழாய் அறுந்தவை கணக்கில் இல்லை.

முறை என்னவோ சமையல் குறிப்பு போல எளிமையானது. காலை மூன்று அடுக்காகப் பிரித்துக்கொள்கிறார்கள்: மூடும் தோல், தாங்கும் எலும்பு, வேலை செய்யும் தசையும் நரம்பும். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை. தோல் கிழிந்திருக்கிறது, ஆனால் போகவில்லை, கிழிசல் எலும்புக்கு மேலேயும் இல்லை என்றால் 1. எலும்புக்கு மேலேயே தோல் போய்விட்டால் 4. எலும்பு சாதாரணமாகக் குறுக்கே முறிந்தால் 1, நொறுங்கினால் 3, நாலு சென்டிமீட்டருக்கு மேல் காணாமலே போய்விட்டால் 5. தசைக்கும் இதே போல. பிறகு ஆளின் நிலைமை: ஏழு கேள்விகள், ஒவ்வொரு ‘ஆம்’ பதிலுக்கும் 2. அடிபட்டுப் பன்னிரண்டு மணி நேரம் தாண்டித்தான் புண்ணைச் சுத்தம் செய்தார்களா? சாக்கடையோ தோட்டத்து மண்ணோ உள்ளே போயிருக்கிறதா? வயது 65க்கு மேலா? சர்க்கரைக்கோ நெஞ்சுக்கோ மருந்து சாப்பிடுகிறவரா? வந்து சேர்ந்தபோது ரத்த அழுத்தம் 90க்குக் கீழா? நெஞ்சிலோ வயிற்றிலோ பலத்த அடியா? அதே காலில் வேறு பெரிய காயமா?

கூட்டினால் 14க்குள் என்றால் காலைக் காப்பாற்று. 17ஐத் தொட்டுவிட்டால் எடுப்பதே நல்லது. 15, 16?

அங்கேதான் எனக்கு இந்த முறை மேல் மரியாதை வந்தது. பதினைந்துக்கும் பதினாறுக்கும் அவர்கள் தீர்ப்பு எழுதவில்லை. அனுபவமுள்ள டாக்டர், ஆளின் வேலை, குடும்பம், வசதி, விருப்பம் எல்லாம் பார்த்து முடிவு செய்யட்டும் என்று விட்டுவிட்டார்கள். எண் பேச முடியாத இடத்தில் எண்ணை வாய்மூடச் சொல்வதற்கும் ஒரு தைரியம் வேண்டும்.

இந்த மதிப்பெண்ணை அவசரப் பிரிவு வாசலில் போட முடியாது. ஆபரேஷன் தியேட்டரில் புண்ணைத் திறந்து, செத்த சதையை வெட்டி எடுத்து, தண்ணீர் விட்டுக் கழுவிய பிறகே எந்த அடுக்கு எவ்வளவு போயிருக்கிறது என்று தெரியும். மேலே பார்த்தால் சின்னக் கிழிசல், உள்ளே தசை சிவப்பு மாறிக் கறுத்துக் கிடக்கும். கத்தி பட்டால் துடிக்காது. சில சமயம் நேர்மாறு. ‘கழுவிப் பாத்துட்டுத்தாம்மா சொல்ல முடியும்’ என்ற வாக்கியத்துக்குள் இவ்வளவு இருந்திருக்கிறது.

நான் டாக்டர் இல்லை. இருந்தாலும், மகனின் போனில் இருந்த படங்களையும் ஆஸ்பத்திரிக் கடிதத்தையும் வைத்துக்கொண்டு ஒரு விளையாட்டுக் கணக்குப் போட்டேன். தோல் 4, எலும்பு 3, தசை 3. லோங்காங் மண்ணுக்கு 2. ஆகப் பன்னிரண்டு. யாரும் பார்க்காமல் அதே இடத்தில் பொழுது சாயும்வரை கிடந்திருந்தால் இன்னும் 2, பதினாலு. ரத்தம் போய் அழுத்தமும் இறங்கியிருந்தால் பதினாறு. ஒரே கால், ஒரே முறிவு. பன்னிரண்டு பதினாறாக வேறெதுவும் தேவையில்லை. அன்று அவனைத் தூக்கியவர் பின்னால் வந்த பால்கார ஐயா. போன் போட்டார், தன் கைலியால் காலைச் சுற்றினார், எலும்பை உள்ளே தள்ளப் பார்த்தவனை அதட்டி நிறுத்தினார். அம்மா அவருக்குக் கோயிலில் அர்ச்சனை செய்திருக்கிறார். சரியான ஆளுக்குத்தான் செய்திருக்கிறார்.

நேரம் என்று சொன்னதும் ஆறு மணி நேரக் கதை ஞாபகம் வருகிறது. இப்படிப்பட்ட புண்ணை ஆறு மணி நேரத்துக்குள் கழுவியாக வேண்டும் என்று தலைமுறை தலைமுறையாக மருத்துவ மாணவர்கள் மனப்பாடம் செய்தார்கள். அதன் வேரைத் தோண்டினால் 1898இல் ஜெர்மனியில் பிரீட்ரிஹ் என்பவர் கினிப் பன்றிகளின் புண்ணில் தோட்டத்து மண்ணையும் மாடிப்படித் தூசியையும் போட்டுப் பார்த்த சோதனை வருகிறது. ஆன்டிபயாடிக் மருந்துகளே இல்லாத காலம். கடிகாரத்தைவிட முதல் ஊசி எப்போது போட்டார்கள் என்பது பெரிது என்று பின்னால் தெரிந்தது. 1974இல் பட்ஸாகிஸ் குழுவினர் வெளியிட்ட ஆய்வில் மருந்தே போடாதவர்களில் 13.9 சதவீதம் பேருக்குப் புண் சீழ் வைத்தது. செபலோதின் என்ற மருந்து போட்டவர்களில் 2.3 சதவீதம். கழுவுவதிலும் அப்படித்தான். சோப்பு நீரா, வெறும் உப்பு நீரா என்று இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் 2,447 பேரிடம் பார்த்து 2015இல் முடிவு சொன்னார்கள். வெறும் உப்பு நீர் ஜெயித்தது. அம்மாவின் கிண்ணத்தை நினைத்துச் சிரித்துக்கொண்டேன். அவர் செய்வது வேறு வேலைதான், ஆனாலும்.

கோயம்புத்தூர்க்காரர்கள் இன்னொரு பழைய சட்டத்தையும் தொட்டார்கள். எலும்பு தெரிந்த புண்ணை முதல் நாளே தைத்து மூடாதே என்பது போர்க்களப் பாடம். ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் பார்சிலோனாவில் டாக்டர் ட்ருவெட்டா புண்ணைத் திறந்தபடியே விட்டு மாவுக்கட்டுப் போட்டு, 1,073 பேரில் ஆறு பேரை மட்டுமே இழந்தார். அந்தப் பாடம் வேதமாகிவிட்டது. கங்காவில், தோல் போகாத, மதிப்பெண் குறைவான, நன்றாகச் சுத்தம் செய்த கால்களைத் தேர்ந்தெடுத்து அன்றே தைத்தார்கள். 2009இல் வெளியான அந்தக் கணக்கில் 173 கால்கள். 150 மிக நன்றாக ஆறின. யாரைத் தைக்கலாம் என்று பிரித்தறிய முடிந்ததே இதில் சூட்சுமம். எல்லாரையும் தைத்திருந்தால் பழைய போர்க்களம்தான்.

கால் நின்றுவிட்டால் கதை முடிந்ததா? அமெரிக்காவில் எட்டு ஆஸ்பத்திரிகளில் 569 பேரைப் பின்தொடர்ந்த ஆய்வு 2002இல் வந்தது. இரண்டு வருடம் கழித்துப் பார்த்தால், காலை எடுத்தவர்களில் 53 சதவீதம் பேரும் காலைக் காப்பாற்றிக்கொண்டவர்களில் 49.4 சதவீதம் பேரும் வேலைக்குத் திரும்பியிருந்தார்கள். பெரிய வித்தியாசமே இல்லை. அதே ஆய்வுக் குழு இன்னொன்றும் சொன்னது: புகைபிடிப்பவர்களுக்கு எலும்பு கூடும் வாய்ப்பு 37 சதவீதம் குறைவு. இதைச் சொன்னபோது மகன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அம்மா என்னைப் பார்த்த பார்வையில், இதை முன்னாலேயே வந்து சொல்லியிருக்கக்கூடாதா என்றிருந்தது.

வேலை விஷயத்தில் அவனுக்கு ஒரு பிடி இருக்கிறது. வேலைக்குப் போகும்போதோ வரும்போதோ நடக்கும் விபத்துக்கும் சொக்சோ என்ற தொழிலாளர் காப்புறுதி உண்டு. வழியில் வேறெங்காவது சுற்றப் போயிருந்தால் பேச்சு மாறிவிடும். ஆகவே அன்று காலை எந்தப் பாதையில் வந்தான் என்பதைப் போலீஸ் ரிப்போர்ட்டில் ஒழுங்காக எழுதவைப்பது கம்பி துடைப்பதற்குச் சமமான வேலை. பல குடும்பங்கள் இதை மறந்துவிடுகின்றன. இந்த வீட்டில் சொக்சோ பாரங்கள் எல்லாம் பிளாஸ்டிக் பையில், சாமி படத்துக்குப் பின்னால்.

நான்கு கம்பியும் முடிந்தது. அம்மா தட்டை ஓரமாக வைத்துவிட்டு, மகனின் குதிகாலைக் கையில் ஏந்திக்கொண்டார். முதல் வாரம் உள்ளங்காலில் உணர்ச்சியே இல்லை. அதற்காகக் காலை எடுக்க வேண்டியதில்லை, பலருக்குத் திரும்பி வரும் என்று டாக்டர்கள் சொல்லியிருந்தார்கள். அந்த 569 பேர் ஆய்விலும் அப்படி மரத்துப்போன பாதங்களில் பாதிக்கு மேல் இரண்டு வருடத்தில் உணர்ச்சி மீண்டிருக்கிறது. வார்டில் டாக்டர் செய்ததைப் பார்த்து, அம்மா தினமும் தன் சுண்டுவிரல் நகத்தால் உள்ளங்காலில் ஒரு கோடு இழுப்பார்.

“தெரியுதாடா?”

“தெரியல.”

இன்னொரு கோடு, கட்டைவிரலுக்குக் கீழே.

“இப்ப?”

அவன் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். “அந்த எடத்துல மட்டும் எறும்பு ஊர்ற மாதிரி இருக்குமா.”

அம்மா அதே இடத்தில் மறுபடி இழுத்தார்.