பாட்டி விட்டுச்சென்ற பணமும் இரண்டு ஊர் வாடகைக் கணக்கும்

சென்ற டிசம்பர் விடுமுறையில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இரண்டு விளம்பர ஏடுகள் பல நாள்கள் கிடந்தன. ஒன்று, சிங்கப்பூரில் ஒரு படுக்கையறை கொண்ட கூட்டுரிமை வீட்டைப் பற்றியது. மற்றொன்று, ஜோகூர் பாருவில் நீச்சல் குளத்துடன் கூடிய மூன்று படுக்கையறை வீட்டைப் பற்றியது. அப்பா இரண்டையும் என் பக்கம் தள்ளி, “நீதான் பல்கலைக்கழகத்துல படிக்கிறியே, எதை வாங்கி வாடகைக்கு விட்டா நல்லதுன்னு கணக்குப் போட்டுச் சொல்லும்மா,” என்றார்.

நான் படிப்பது உயிரியல். வீட்டுக் கடனும் முத்திரை வரியும் பெரியவர்கள் பேசும் விஷயம் என்றே அதுவரை நினைத்திருந்தேன். இருந்தாலும் மறுக்க மனம் வரவில்லை. அது பாட்டியின் பணம்.

அங் மோ கியோவில் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பாட்டி வாழ்ந்த மூவறை வீவக வீடு, அவர் மறைவுக்குப் பின் அப்பாவுக்கும் அத்தைக்கும் வந்தது. இருவருக்கும் ஏற்கெனவே சொந்த வீவக வீடு உண்டு. ஒருவர் இரண்டு வீவக வீடுகளை வைத்துக்கொள்ள விதிமுறையில் இடமில்லை. எனவே பாட்டியின் வீட்டை விற்க வேண்டியதாயிற்று. அப்பாவின் பங்காக $220,000 கிடைத்தது.

“காசாவே வச்சிருந்தா கரைஞ்சிடும். அம்மாவோட வீடு, வீடாவே இருக்கணும்,” என்பது அப்பாவின் எண்ணம். அவருக்கு வயது 55. கப்பல் பட்டறையில் மேற்பார்வையாளர். ஓய்வுபெற்ற பிறகு மாதந்தோறும் வாடகை வந்தால் பிள்ளைகளிடம் கை நீட்ட வேண்டியதில்லை என்றும் அவர் நினைத்தார். பாலர் பள்ளி ஆசிரியரான அம்மாவுக்குக் கடன் என்றாலே பயம். நடுவில் நானும் என் மடிக்கணினியும்.

உள்ளூரில் வாங்கினால்...

முதலில் சிங்கப்பூர் வீட்டை எடுத்துக்கொண்டேன். விலை $900,000. எங்கள் வீவக வீட்டின் கடன் அடைந்துவிட்டதால் வங்கி அதிகபட்சம் 75 விழுக்காடு வரை கடன் தரலாம். மீதி 25 விழுக்காடு, அதாவது $225,000, நம் கையிலிருந்து வரவேண்டும். கடனின் தவணைக்காலம் 65 வயதைத் தாண்டினால் வங்கி தரும் விகிதம் 55 விழுக்காடாகக் குறையும். 55 வயது அப்பாவுக்கு இது முக்கியமான விதி.

அடுத்தது முத்திரை வரி. வீடு வாங்கும் எவரும் செலுத்தும் வரி இந்த விலைக்கு $21,600. அதற்கு மேல் வருவதுதான் கூடுதல் வாங்குவோர் முத்திரை வரி. 2011 டிசம்பரில் அது அறிமுகமானபோது இரண்டாவது வீடு வாங்கும் சிங்கப்பூரர்கள் அதைச் செலுத்த வேண்டியதில்லை. 2013ல் அவர்களுக்கு 7 விழுக்காடு விதிக்கப்பட்டது. பின்னர் 2018ல் 12, 2021ல் 17, 2023 ஏப்ரலில் 20 என உயர்ந்தது. $900,000க்கு 20 விழுக்காடு என்றால் $180,000.

இரண்டு வரிகளையும் கூட்டினால் $201,600. பாட்டியின் பணத்தில் $18,400தான் மிஞ்சும். முன்பணத்துக்கே வழியில்லை. மாத வாடகை $3,000 என்று வைத்துக்கொண்டால், முதல் ஐந்து ஆண்டு வாடகை முழுவதும் அந்தக் கூடுதல் வரிக்கே ஈடாகும். இதற்கிடையே சொத்து வரி, பராமரிப்புக் கட்டணம், கடன் வட்டி எல்லாம் தனி. சொந்தக்காரர் குடியிருக்காத வீட்டுக்குச் சொத்து வரி 12 விழுக்காட்டில் தொடங்கி 36 விழுக்காடு வரை போகிறது.

அப்பா என் திரையை நெடுநேரம் பார்த்தார். பிறகு, “அப்போ ஜோகூர்தான்,” என்றார்.

கடற்பாலத்தைத் தாண்டினால்...

மறு சனிக்கிழமை நானும் அப்பாவும் ஜோகூர் பாரு சென்றோம். உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடி வரிசையில் நின்றபோது அப்பா ஆர்டிஎஸ் ரயிலைப் பற்றியே பேசினார். உட்லண்ட்ஸ் நார்த்துக்கும் புக்கிட் சாகாருக்கும் இடையே ஏறத்தாழ 4 கிலோமீட்டர் தூரத்தை ஐந்து நிமிடத்தில் கடக்கும் அந்த ரயில், ஒரு திசையில் மணிக்கு 10,000 பயணிகள் வரை ஏற்றிச் செல்லக்கூடியது. 2026 இறுதியில் சேவையைத் தொடங்குவது திட்டம். ஜோகூர்-சிங்கப்பூர் சிறப்புப் பொருளியல் வட்டார உடன்பாடும் 2025 ஜனவரியில் கையெழுத்தானது. எனவே வாடகைக்கு ஆள் வருவார்கள் என்ற அப்பாவின் நம்பிக்கையை வெறும் கனவு என்று தள்ளிவிட முடியாது.

விற்பனைக்கூடத்தில் முகவர் இனிமையாகப் பேசினார், தே தாரிக் வாங்கித் தந்தார். வெளிநாட்டவர் மலேசியாவில் குடியிருப்பு வாங்கும்போது செலுத்தும் முத்திரை வரி 2026 ஜனவரி முதல் 4 விழுக்காட்டிலிருந்து 8 விழுக்காடாகிறது என்பதைச் சுட்டிக்காட்டி, “இந்த மாதமே கையெழுத்துப் போட்டால் 40,000 ரிங்கிட் மிச்சம்,” என்றார். அப்பாவின் கை சட்டைப் பையிலிருந்த பேனாவைத் தேடியதைப் பார்த்தேன்.

“ஒரு வாரம் யோசிச்சுட்டுச் சொல்றோம்,” என்று நான்தான் இடையில் புகுந்தேன். அன்று அப்பாவுக்கு என்மேல் கொஞ்சம் கோபம்.

இரவு உணவுக்குப் பின் திரும்பும் வழியில், பக்கத்தில் ஏற்கெனவே கட்டி முடிக்கப்பட்டிருந்த ஒரு கோபுரத்தை அண்ணாந்து பார்த்தேன். மணி எட்டரை. எதிரே தெரிந்த பக்கத்தில் விளக்கு எரிந்த வீடுகளை எண்ணினேன். நான்கில் ஒன்றுகூடத் தேறவில்லை. பள்ளி விடுமுறையாக இருக்கலாம், பலர் வெளியூர் சென்றிருக்கலாம். ஆனால் அந்த இருட்டு வீடுகளும் நம் வீட்டோடு வாடகைதாரருக்குப் போட்டி போடுமே என்று தோன்றியது. ரயில் வாடகைதாரர்களை மட்டும் கொண்டுவருவதில்லை. அதே ரயிலை நம்பிப் புதிய கட்டடங்களும் எழுகின்றன.

மொத்தம் வேறு, நிகரம் வேறு

ஜோகூரில் வெளிநாட்டவர் வாங்கும் வீட்டின் விலை பொதுவாகக் குறைந்தது ஒரு மில்லியன் ரிங்கிட்டாக இருக்கவேண்டும். மாநில அரசின் ஒப்புதலும் தேவை. மத்திய சேம நிதிப் பணத்தை வெளிநாட்டு வீட்டுக்குப் பயன்படுத்த முடியாது. ஒரு வெள்ளிக்கு 3.2 ரிங்கிட் என்று கணக்கிட்டால் பாட்டியின் பணம் 704,000 ரிங்கிட். ஆக, வீட்டின் விலை, வரி, வழக்கறிஞர் கட்டணம், மேசை நாற்காலி எல்லாவற்றுக்கும் சேர்த்து இன்னும் 400,000 ரிங்கிட் கடன் வாங்கவேண்டும்.

விளம்பர ஏட்டில் மாத வாடகை 4,000 ரிங்கிட் என்றிருந்தது. ஆண்டுக்கு 48,000. விலையில் 4.8 விழுக்காடு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அடுத்து நான் செலவுகளை ஒவ்வொன்றாக எழுதினேன். இவை என் அனுமானங்கள்தாம். ஆனால் ஒவ்வோர் அனுமானமும் நடக்கக்கூடியதே.

ஒரு மாதம் வீடு காலியாக இருந்தால் 4,000 போகும். பராமரிப்புக் கட்டணம் மாதம் 500 வீதம் 6,000. உள்ளூர் வரிகளுக்கும் காப்புறுதிக்கும் 2,000. ஆள் தேடித்தரும் முகவருக்கு 4,000. குளிரூட்டி, குழாய் பழுதுகளுக்கு 2,000. இப்போது 48,000 என்பது 30,000 ஆகிவிட்டது.

கடனுக்கு 4.5 விழுக்காடு வட்டி என்று வைத்தால் முதல் ஆண்டில் ஏறத்தாழ 18,000. மிச்சம் 12,000. மலேசியாவில் வசிக்காதவர் பெறும் நிகர வாடகைக்கு 30 விழுக்காடு வருமான வரி உண்டு. அது 3,600. கடைசியில் கைக்கு வருவது 8,400 ரிங்கிட். நம் பணத்தில் ஆண்டுக்கு $2,625, மாதத்துக்கு ஏறத்தாழ $219. அந்த வாடகையைச் சிங்கப்பூருக்குக் கொண்டுவரும்போது தனிநபருக்கு இங்கே பொதுவாக வருமான வரி இல்லை என்பது ஓர் ஆறுதல்.

ஆனால் கடனின் அசலை இன்னும் கழிக்கவில்லை! 15 ஆண்டுக் கடன் என்றால் மாதத் தவணை 3,000 ரிங்கிட்டைத் தாண்டுகிறது. அப்படியானால் வாடகை அப்பாவுக்குச் சோறு போடாது. அப்பாதான் தம் சம்பளத்திலிருந்து வீட்டுக்குப் பணம் போடவேண்டும். அதுவும் 70 வயது வரை.

“வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்” என்பார்கள். வாடகைக்கு விட்டுப் பார் என்பதையும் அதோடு சேர்த்துக்கொள்ளலாம்.

ரிங்கிட் ஏறினால், இறங்கினால்

வீட்டின் விலை ஏறும், விற்றால் லாபம் வரும் என்றார் அப்பா. வரலாம். ஆனால் நாம் செலவழிப்பது வெள்ளியில். 2013ல் ஒரு வெள்ளிக்கு ஏறத்தாழ 2.5 ரிங்கிட். அப்போது ஒரு மில்லியன் ரிங்கிட் வீட்டுக்கு $400,000 தேவைப்பட்டிருக்கும். 2024 தொடக்கத்தில் ஒரு வெள்ளிக்கு ஏறத்தாழ 3.5 ரிங்கிட். அதே வீட்டை அதே விலைக்கு விற்றிருந்தால் கிடைப்பது சுமார் $285,000தான். வீட்டின் விலை ஒரு காசும் குறையாமலேயே நூறாயிரம் வெள்ளிக்கு மேல் காணாமல் போயிருக்கும். அதன்பின் ரிங்கிட் வலுவடைந்தது. 2024ல் வாங்கியவருக்கு அது ஆதாயம். ஏற்றமும் இறக்கமும் நம் கையில் இல்லை என்பதே விஷயம்.

விற்கும்போதும் ஒரு வரி காத்திருக்கிறது. வெளிநாட்டவர் முதல் ஐந்து ஆண்டுகளுக்குள் விற்றால் லாபத்தில் 30 விழுக்காடு, ஆறாம் ஆண்டிலிருந்து 10 விழுக்காடு.

இது அநியாயம் என்று அம்மா சொன்னார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சிங்கப்பூரில் வீடு வாங்கும் வெளிநாட்டவருக்கு நாமும் 60 விழுக்காடு கூடுதல் முத்திரை வரி விதிக்கிறோம். தன் மக்களுக்கு முதலில் வீடு கிடைக்கவேண்டும் என்று எந்த நாடும் நினைக்கும். கடற்பாலத்துக்கு அந்தப் பக்கம் வெளிநாட்டவர் நாம்தான். அடிக்கடி போய்வருவதால் அதை மறந்துவிடுகிறோம்.

“உன் பெயரில் வாங்கினால்?”

கிறிஸ்துமஸ் விடுமுறையன்று வந்த மாமா புதுயோசனை சொன்னார். “இவ பேர்ல வாங்கிடுங்க. இவளுக்கு அது முதல் வீடு. இங்க வாங்கினாகூட அந்த 20 விழுக்காடு வராது.”

எனக்கு 21 வயது நிறைவடையச் சில மாதங்களே உள்ளன. யோசனை கவர்ச்சியாகவே இருந்தது. ஆனால் வருமானம் இல்லாத மாணவிக்கு எந்த வங்கி கடன் தரும்? அதைவிட முக்கியமான ஒன்றை வீவக இணையத்தளத்தில் படித்தேன். தனியார் குடியிருப்புச் சொத்து வைத்திருப்பவர் வீவகவின் புதிய பிடிஓ வீட்டுக்கு விண்ணப்பிக்க வேண்டுமானால், அதை விற்றுவிட்டு 30 மாதம் காத்திருக்கவேண்டும். சொத்து வெளிநாட்டில் இருந்தாலும் இதே விதிதான். அதாவது, ஜோகூரில் ஒரு வீடு என் பெயரில் இருந்தால், நாளை எனக்குத் திருமணமாகும்போது நானும் என் வருங்காலக் கணவரும் பிடிஓ வரிசையில் நிற்கவே முடியாது.

இதைச் சொன்னதும் அப்பா உடனே, “அது வேணாம். பாட்டி பேர சொல்லி உன் வழிய அடைக்கக் கூடாது,” என்றார். அன்றிரவே முகவருக்குத் தொலைபேசியில் நன்றி சொல்லி, வாங்கப்போவதில்லை என்று தெரிவித்துவிட்டார்.

கற்றுக்கொண்டது

வெளிநாட்டில் வீடு வாங்குவது தவறு என்று நான் சொல்லவில்லை. கடனில்லாமல் வாங்கக்கூடியவர்களும், ஓய்வுக்காலத்தில் அங்கேயே போய்த் தங்க விரும்புபவர்களும் வேறு முடிவுக்கு வரலாம். எங்கள் பணத்துக்கும் அப்பாவின் வயதுக்கும் அது பொருந்தவில்லை, அவ்வளவுதான்.

நாளை நம் ஒவ்வொருவர் வீட்டிலும் இப்படியொரு விளம்பர ஏடு வந்து விழும். அப்போது மூன்று கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். எல்லாச் செலவும் வரியும் போக, நம் நாணயத்தில் கைக்கு எவ்வளவு வரும்? ஆறு மாதம் வீடு காலியாக இருந்தால் தவணையை யார் கட்டுவது? அவசரத்துக்குப் பணம் தேவைப்பட்டால் எவ்வளவு விரைவில், எவ்வளவு இழப்பில் அதை எடுக்கலாம்? பதில் தெரியாமல் கையெழுத்துப் போடவேண்டாம்.

அப்பா $200,000ஐச் சிங்கப்பூர் சேமிப்புப் பத்திரங்களில் போட முடிவு செய்தார். ஒருவர் வைத்திருக்கக்கூடிய உச்சவரம்பு அதுதான். எந்த மாதமும் அபராதமின்றித் திரும்பப் பெறலாம். ஆண்டுக்கு 2 விழுக்காடு என்று வைத்தாலும் $4,000. வாடகைதாரர் தேடவேண்டாம், குழாய் உடைந்தால் ஓடவேண்டாம். ரயில் ஓடத் தொடங்கி இரண்டு ஆண்டு போகட்டும், மறுபடி கணக்குப் போடுவோம் என்று பேசிவைத்திருக்கிறோம்.

“வீடு போயிடுச்சேப்பா,” என்றேன், கொஞ்சம் தயக்கத்தோடு.

“வீடு போச்சு. அம்மா சேர்த்தது போகலல்ல?” என்றார் அப்பா. பிறகு அந்த இரண்டு விளம்பர ஏடுகளையும் பழைய செய்தித்தாள்களோடு சேர்த்துக் கட்டி, மறுபயனீட்டுத் தொட்டிக்கு எடுத்துச் சென்றார்.