நேட்டாலும் நம் வட ஆர்க்காடும்

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு முதலிய ஊர்களின் தோல் ஷாப்புகளைக் கண்டறியாத மாணவர் நம் கல்லூரியில் மிகச் சிலரே. அவற்றின் நாற்றத்தைக் காற்றுவாக்கில் அறியாதவரோ ஒருவரும் இலர். அத்தொழிலின் உயிர்நிலை துவர்ப்பொருளில் உள்ளது. சுண்ணாம்புக் குழியில் ஊறி மயிர் நீங்கிய தோலை அழுகாது காப்பது அதுவேயாம். முற்காலத்தில் இதற்கு நம் கரம்பு நிலங்களில் தானே வளரும் ஆவாரையின் பட்டையும் கடுக்காயும் போதியனவாயிருந்தன. தொழில் பெருகவே ஆவாரை போதாதாயிற்று. அந்நிலையில், தென்னாப்பிரிக்காவின் நேட்டாலிலிருந்து வாட்டில் என்னும் மரத்தின் பட்டை கப்பலேறிச் சென்னைக்கு வரலாயிற்று. என் பாட்டனாரின் தந்தையார் அப்பட்டையை இடித்துக் கூலி பெற்றவர். அது வந்த கடல்வழியே, அதற்கு முன்னரே, நம் மாவட்டத்தார் பல்லாயிரவர் அந்நாட்டிற்குச் சென்றனர் என்பதை யான் அறிந்தது சென்ற ஆண்டிலேதான். அறிந்தவாற்றை ஈண்டு உரைப்பாம்.

தென்னாப்பிரிக்கா பல திறத்தார் வந்து குடியேறி அமைந்த நாடு. கோய், சான் என்னும் தொல்குடிகள் அங்கு மிகப் பழையோர். வடக்கினின்று பாண்டு மொழியினர் பல நூற்றாண்டுகளுக்கு முன் வந்து பரவினர். சூலு, கோசா மக்கள் அவ்வழியினர். 1652-இல் ஒல்லாந்தர் நன்னம்பிக்கை முனையில் இறங்கினர். அவர்க்கு அடிமைகளாக மலாய்த் தீவுகளிலிருந்தும், வங்கத்திலிருந்தும், நம் சோழமண்டலக் கரையிலிருந்தும் பலர் கொண்டுசெல்லப்பட்டனர். ஆதலின் 1860-க்கு முன் இந்தியர் எவரும் அங்குச் சென்றிலர் என்று கூறுவோர் கூற்றுப் பொருந்தாது. 1688-இல் பிரெஞ்சுப் புரோட்டஸ்டாண்டினர் தம் சமயத்தின்பொருட்டு நாடு துறந்து அங்குப் புகுந்தனர். 1820-இல் ஆங்கிலக் குடிகள் பெருந்தொகையினராய் வந்தனர்.

நேட்டால் 1843-இல் ஆங்கிலேயர் கைப்பட்டது. அங்குக் கரும்பு செழித்தது, வெட்டுவாரைத்தான் காணோம். சொந்த நிலமும் மாட்டுமந்தையும் உடைய சூலு மக்கள் பிறர் தோட்டத்தில் ஆண்டு முழுதும் கூலிக்கு உழைக்க இசைந்திலர். இது சோம்பலென அக்காலத்து வெள்ளையர் எழுதிவைத்தனர். தன் வீட்டில் உண்ண இருக்கும்போது பிறன் கொல்லையில் குனிபவன் யார்? எனவே தோட்டக்காரர் இந்தியாவை நோக்கினர். ட்ரூரோ என்னும் கப்பல் சென்னையினின்று புறப்பட்டு 1860 நவம்பர் 16-ஆம் நாள் 342 பேருடன் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அன்று முதல் 1911-இல் இந்திய அரசாங்கம் தடுக்கும்வரை 1,52,184 பேர் இம்முறையிற் சென்றனர். அவருள் மூவரில் இருவர் சென்னை மாகாணத்தார். மற்றையோர் கல்கத்தாவில் கப்பலேறியவர். சென்னைத் தொகுதியில் வட ஆர்க்காடு மிகுதியாக ஆளனுப்பிய மாவட்டங்களுள் ஒன்று. அக்காலத்து வட ஆர்க்காடு சித்தூரையும் தன்னகத்துக் கொண்டிருந்தமையின், நம்மவருள் தெலுங்கு பேசுவோரும் பலராயிருந்தனர்.

ஒப்பந்தம் 5 ஆண்டு. முதலாண்டில் மாதக்கூலி 10 ஷில்லிங். ஆண்டுக்கு ஒரு ஷில்லிங் ஏறும். அரிசியும் பருப்பும் தனி. அனுமதியின்றித் தோட்டத்தை விட்டு அகன்றால் சிறை. இவ்வளவும் அறிந்தே சென்றனரோ எனின், பெரும்பாலோர் கைந்நாட்டு இட்டவர். 1876 முதல் 1878 வரை நம் மாகாணத்தை அழித்த தாது வருடப் பஞ்சத்தில், டிப்போவில் சோறு கிடைக்கும் என்னும் ஒரு சொல்லே போதியதாயிருந்திருக்கும்.

கப்பலேறியோர் பெயர்ப்பட்டிகள் டர்பனில் இன்றும் காக்கப்படுகின்றன. எண், பெயர், தகப்பன் பெயர், வயது, ஆண் பெண், சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உயரம், உடலிலுள்ள தழும்பு எனப் பத்தி பத்தியாக எழுதப்பட்டவை அவை. சாதிப் பத்தியில் பறையர், வன்னியர், கவுண்டர் என்பனவற்றோடு கிறிஸ்தவர், முஸல்மான் என்பனவும் காணப்படும். 'மலபார்' என்னும் சொல்லும் சாதிபோல எழுதப்பட்டுள்ளது! தமிழரைப் பொதுவாக மலபாரிகள் என வெள்ளையர் அழைத்த வழக்கின் எச்சம் இது. இறங்கிய பின்னரோ இவ்வேறுபாடெல்லாம் தோட்டக்காரனுக்கு வேண்டியதில்லை, யாவரும் கூலிகளே. ஒரே கொட்டிலில் உறங்கி ஒரே பானையில் உண்டனர். மகளிர் தொகை ஆடவர் தொகையிற் பாதியும் இல்லாமையால் சாதி பார்த்து மணத்தல் பலர்க்கு இயலாதாயிற்று. ஆயினும் சாதி முழுதும் அழிந்ததெனக் கூறேன். நாயுடு, பிள்ளை, முதலி, ரெட்டி, படையாச்சி என்பன அங்குக் குடும்பப் பெயர்களாகி ஆங்கில எழுத்தில் உருத்திரிந்து நிலைத்தன. உயர்வெனக் கருதிய பட்டத்தைக் கரையிறங்கியதும் தாமே சூட்டிக்கொண்டாரும் உளர் என்பர். அவரைக் குறைகூற எனக்கு நா எழவில்லை.

ஒப்பந்தத்தார்க்குப் பின்னர்க் குஜராத்தி வணிகர் தம் செலவிற் சென்று கடை வைத்தனர். தமிழ், தெலுங்கு, போஜ்புரி, குஜராத்தி, உருது என ஐந்து மொழியும் ஒரு தெருவில் ஒலித்தன. சூலுவும் ஆங்கிலமும் கலந்த பனகலோ என்னும் கலப்புமொழி தோட்டத்தில் வழங்கிற்று. டர்பனில் பாதுஷா பீர் என்பாரின் அடக்கத்தலம் ஒன்று உண்டு. அவர் முதற்கப்பலிலேயே கூலியாய் வந்த சூபி என்பது மரபு. அங்குப் பிற சமயத்தாரும் வணங்கச் செல்வர். நம் வேலூரிலும் இத்தகைய காட்சி புதிதன்று.

1895-இல் ஒப்பந்தம் முடிந்து தங்குவோர்க்கு ஆண்டுக்கு 3 பவுன் தலைவரி விதிக்கப்பட்டது. அதனை எதிர்த்து 1913-இல் காந்தியடிகள் தலைமையில் நிலக்கரிச் சுரங்கத்தாரும் தோட்டத்தாரும் வேலை நிறுத்தினர். சிறை சென்று நோயுற்ற தில்லையாடி வள்ளியம்மை 1914 பிப்ரவரியில் உயிர்நீத்தார். அவ்வாண்டே வரியும் ஒழிந்தது. ஆனால் பத்திகள் ஒழியவில்லை. 1950-இல் இயற்றிய குடிப்பதிவுச் சட்டம் ஒவ்வொருவரையும் நிறத்தாற் பிரித்தெழுதிற்று. அவ்வாண்டே வந்த குடியிருப்புப் பகுதிச் சட்டத்தால் கேட்டோ மானர் முதலிய இடங்களிலிருந்து இந்தியர் பெயர்க்கப்பட்டுச் சாட்ஸ்வொர்த்தில் வைக்கப்பட்டனர். இந்தியர் அந்நாட்டு நிலைக்குடிகளே என அரசாங்கம் ஒப்பியது 1961-இல், ட்ரூரோ வந்து 101 ஆண்டு சென்றபின். அச்சட்டங்கள் 1991-இல் நீக்கப்பட்டன. 2022-ஆம் ஆண்டுக் கணக்கின்படி மக்கள்தொகை ஏறத்தாழ 6 கோடியே 20 லட்சம். நூற்றுக்கு 81 பேர் ஆப்பிரிக்கர், 8 பேர் கலப்பினத்தார், 7 பேர் வெள்ளையர், இந்தியரும் பிற ஆசியரும் 3 பேர்க்குச் சற்றுக் குறைவு. ஆட்சிமொழி 12, தமிழ் அவற்றுள் இல்லை. எனினும் 1996-ஆம் ஆண்டு அரசியலமைப்பு, மதித்துப் போற்றத்தக்க மொழிகளுள் தமிழையும் தெலுங்கையும் பெயர்சுட்டிக் கூறுகின்றது.

நண்பர்காள்! இவற்றையெல்லாம் யான் தேடிப் படித்தமைக்குக் காரணம் ஒன்றுண்டு. சென்ற ஆண்டு டர்பனிலிருந்து ஒரு மூதாட்டியார் பேரணாம்பட்டை அடுத்த எங்கள் ஊருக்கு வந்தார். தம் கொள்ளுப்பாட்டியின் பதிவுத்தாள் அவர் கையிலிருந்தது. வட ஆர்க்காடு ஜில்லா, குடியாத்தம் தாலுகா, எங்கள் ஊர்ப்பெயர் யாவும் அதிலிருந்தன. எங்கள் ஆலயத்து ஞானஸ்நானப் பதிவேட்டைக் காண விரும்பினார். அப்பதிவேடோ அக்கப்பலினும் இளையது. அவர்க்குத் தமிழில் அம்மா, தாத்தா, ரசம் முதலிய சில சொற்களே தெரியும். கூடியிருந்தோர் அவரை வினாவிய முதல் வினா, 'எந்தத் தெருவார்?' என்பது. அஃது ஏன் கேட்கப்பட்டதென அவர்க்கு விளங்கவில்லை. மொழிபெயர்க்க நின்ற யானும் வாய்திறந்திலேன். உண்மையைச் சொல்லின், அத்தாளை என் கையில் வாங்கியபோது யான் முதலில் நோக்கியதும் சாதிப் பத்தியையே. அதில் எங்கள் சாதியே எழுதப்பட்டிருந்தது. அவர் குடும்பத்தில் ஒருவரும் அதனைப் பொருட்படுத்தியதில்லையாம். 'அச்சொல்லுக்குப் பொருள் என்ன?' என்று என்னை வினாவினார். 'ஒரு குடிப்பெயர்' என்று மட்டும் கூறினேன்.

பின்னர் அவரைத் தோல் ஷாப்புக்கு அழைத்துச் சென்றோம். பட்டை இடிக்கும் ஓசை அங்கு ஓய்ந்து நெடுநாளாயிற்று. இக்காலத்துத் துவர்ப்பொருள் தூளாகவும் சாறாகவும் மூட்டையில் வருகின்றது. வாட்டிலைப் பற்றிக் கூறியதும் அவர் நகைத்தார். அம்மரமும் நேட்டாலுக்கு உரியதன்றாம். 19-ஆம் நூற்றாண்டில் ஆஸ்திரேலியாவினின்று வந்ததாம். இப்பொழுது ஓடைக்கரைகளில் மிகப் பெருகி நீரை உறிஞ்சுகின்றதென அதனை அந்நாட்டார் வெட்டி வருகின்றனராம். தம் தந்தையின் தந்தை ஒரு வாட்டில் தோட்டத்தில் பட்டை உரித்தவர் என்று கூறி, எங்கள் பாட்டனாரின் தந்தையார் பட்டை இடித்த இடம் எதுவெனக் கேட்டார். மதிலோரத்து ஒரு கொட்டகையைக் காட்டினோம்.