நெடுந்தூர மலையேற்றம்: சுமையும் பகிர்வும்

மலையேற்ற அனுபவத்தை எழுதச் சொன்னால் உங்களில் பலர், "இயற்கை அழகை ரசித்தோம், மகிழ்ச்சியாக வீடு திரும்பினோம்" என்று முடித்துவிடுகிறீர்கள். அந்த நடையில் ஒரு நாள் எப்படிப் போகும் என்று தெரிந்துகொண்டால், எழுத நிறைய இருக்கும்.

பகாங்கில் உள்ள தாஹான் மலையின் உயரம் 2,187 மீட்டர். தீபகற்ப மலேசியாவில் இதுவே மிக உயரமானது. கோலா தாஹான் வழியாகப் போய்வர ஏறக்குறைய 7 நாளாகும். வழிகாட்டி கட்டாயம்.

இவ்வழியில் இரண்டாம் நாள்தான் பெரிய சோதனை. மெலந்தாய் முகாமிலிருந்து பூத்தே முகாம் வரை 27 குன்றுகள் என்பார்கள். ஏறினால் இறக்கம், இறங்கினால் மீண்டும் ஏற்றம். இடையில் தண்ணீர் கிடைப்பது அரிது. சுமந்துதான் போக வேண்டும். 1 லிட்டர் தண்ணீரின் எடை 1 கிலோ. எனவே ஒருவரே எல்லாவற்றையும் தூக்க முடியாது. கூடாரம் ஒருவர், அடுப்பு ஒருவர், அரிசி ஒருவர் எனப் பிரித்துக்கொள்வார்கள். மெதுவாக நடப்பவரின் வேகமே குழுவின் வேகம்.

நான் போனபோது, பிற்பகலில் பின்னால் வந்த இளைஞர், "அண்ணே, தண்ணி கொஞ்சம் இருக்கா?" என்று கேட்டார். என் பையில் ஒரு போத்தல் இருந்தது. ஆனாலும், "முடிஞ்சிருச்சு தம்பி" என்று சொல்லிவிட்டேன். வழிகாட்டி பேசாமல் தம் போத்தலை நீட்டி, "சிக்கிட் லாகி" என்றார். அதற்குப் பிறகும் மூன்று குன்றுகள் இருந்தன!

இருட்டும் நேரத்தில் ஆற்றோர முகாமை அடைந்தோம். எங்கள் அனைவருக்குமான அரிசியை அந்தத் தம்பிதான் சுமந்து வந்திருந்தார். சோறு வெந்ததும் முதல் தட்டை என்னிடமே நீட்டினார். எனக்கு வெட்கமாகிவிட்டது. போத்தலை எடுத்துக் கொடுத்தேன்.

"இப்ப எதுக்குண்ணே? இங்கதான் ஆறே ஓடுதே!" என்று சிரித்தார்.

காலம் பார்த்துச் செய்யும் உதவியைப் பற்றி 'செய்ந்நன்றி அறிதல்' அதிகாரத்தில் படித்திருக்கிறோம். எனக்கு அதன் பொருள் அந்த முகாமில்தான் விளங்கியது.

மாணவர்களே, கட்டுரையில் மலையின் அழகோடு நிறுத்திவிடாதீர்கள். யார் எதைச் சுமந்தார்கள், யார் யாருக்கு எதைக் கொடுத்தார்கள், நீங்கள் எதைக் கொடுக்கத் தயங்கினீர்கள் என்பதையும் எழுதுங்கள்.