உங்களுக்குத் தெரியுமா? தக்காளி சாஸில் வான்கோழி உருண்டை

★ வான்கோழியும் தக்காளியும் ஒரே ஊர்க்காரர்கள். காட்டில் திரிந்த வான்கோழியைப் பழக்கி வீட்டுப் பறவையாக்கியவர்கள் மெக்சிகோவின் பூர்வகுடி மக்கள். தக்காளியை மிளகாயோடு சேர்த்துச் சாஸாக அரைத்து உண்டவர்களும் அவர்களே. அவர்களது நாவாட்டில் மொழியின் 'தொமாட்டில்' என்ற சொல்தான் பின்னாளில் 'டொமேட்டோ' ஆயிற்று. 16-ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர்களோடு கப்பலேறிப் போன இரண்டும், இன்று அமெரிக்க வீடுகளின் அடுப்பில் மறுபடி சேர்கின்றன.

★ இந்தப் பறவைக்கு ஆங்கிலத்தில் துருக்கி நாட்டின் பெயர். துருக்கியரைக் கேட்டால் 'ஹிந்தி' என்பார்கள். அதாவது இந்தியாவிலிருந்து வந்தது. பிரெஞ்சுப் பெயருக்கும் அதே பொருள். போர்ச்சுகீசிய மொழியில் 'பெரு'. பிறந்த மெக்சிகோவின் பெயர் மட்டும் இவற்றில் எதிலும் இல்லை.

★ 1612-இல் கோவாவிலிருந்து ஜஹாங்கீரின் அரண்மனைக்கு வந்த அபூர்வ உயிரினங்களில் ஒரு வான்கோழியும் இருந்தது. அதன் தலையும் கழுத்தும் நிறம் மாறுவதைப் பேரரசர் வியந்து குறித்துவைத்தார். அரண்மனை ஓவியர் மன்சூர் தீட்டிய அதன் படம், லண்டனின் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

★ பறவைக் கறியில் உருண்டை பிடிப்பது பழைய வழக்கம். அபிசியஸ் பெயரில் வழங்கும் ரோமானியச் சமையல் நூல், கறி உருண்டைகளில் முதலிடத்தை மயில் கறிக்குத் தருகிறது. அரைத்த கறியோடு, திராட்சை மதுவில் ஊறிய ரொட்டியைச் சேர்த்துப் பிசையும் முறையும் அதில் உண்டு. அந்த ரொட்டியின் ரகசியம் கீழே வருகிறது.

★ ஸ்பகெட்டி மேல் கறி உருண்டை என்பது இத்தாலியில் பிறந்த பழக்கம் இல்லை. அங்கே 'பொல்பெத்தே' என்ற சிறு உருண்டைகளைத் தனியாகத்தான் பரிமாறுவார்கள். அமெரிக்காவில் குடியேறிய தென்னித்தாலியக் குடும்பங்களுக்கு அங்கே இறைச்சி மலிவாகக் கிடைத்தது. உருண்டையும் பெருத்தது, ஸ்பகெட்டித் தட்டிலும் ஏறியது.

★ வான்கோழி பெரும்பாலும் நடக்கும், அரிதாகவே பறக்கும். ஓயாமல் உழைக்கும் தொடையில் மயோகுளோபின் அதிகம். அதனால் கறி கருஞ்சிவப்பு, ருசியும் கூடுதல். நெஞ்சுக்கறியில் கொழுப்பு மிகக் குறைவு, சீக்கிரம் வறண்டுவிடும். உருண்டைக்குத் தொடைக்கறியைக் கொத்தி வாங்குங்கள். கிடைக்காவிட்டால் இரண்டையும் சரிபாதி கலக்கலாம்.

★ வான்கோழி உருண்டை சப்பென்று இருக்கிறது என்பவர்கள் பெரும்பாலும் அதன் ஈரத்தைத் தொலைத்தவர்கள். அந்த ஈரத்தைக் காப்பது ரொட்டி. அரைக் கிலோ கொத்துக்கறிக்கு ஓரம் நீக்கிய 2 ரொட்டித் துண்டுகளை 80 மில்லி பாலில் ஊறவைத்து, விரலால் மசித்துக் களியாக்கிக்கொள்ளுங்கள். கறியின் புரதம் சூட்டில் இறுகும்போது இந்த மாவுப்பசை நடுவில் புகுந்து முழுதாக இறுகவிடாமல் தடுக்கும், நீரையும் பிடித்துவைக்கும். நம் கோலா உருண்டையில் பொட்டுக்கடலை மாவு பிடிமானம் தருகிறதே, இது அதற்கு நெருங்கிய சொந்தம்.

★ களியோடு 1 முட்டை, துருவிப் பிழிந்த ஒரு சிறு வெங்காயம், தட்டிய 3 பல் பூண்டு, 30 கிராம் பார்மேசன் சீஸ், ஒரு கைப்பிடி பார்ஸ்லி, மிளகுத்தூள், முக்கால் டீஸ்பூன் உப்பு சேர்த்துக் கலக்குங்கள். கறியைக் கடைசியில் போடுங்கள். உப்பு பட்டதும் கறியின் புரதம் கரைந்து பசைபோல் ஒட்டத் தொடங்கும். அந்தப் பசைதான் உருண்டையைச் சேர்த்துப் பிடிக்கும். பிசைந்துகொண்டே இருந்தால் அதுவே ரப்பராக்கியும் விடும். எல்லாம் கலந்து கறி விரலில் லேசாக ஒட்டும்போது நிறுத்திவிடுங்கள். சப்பாத்தி மாவுபோல் பிசையவே கூடாது.

★ பச்சைக் கறியை நாக்கில் வைத்து உப்புப் பார்க்கக் கூடாது. கோலிக்குண்டு அளவு எடுத்துத் தட்டி, எண்ணெயில் வேகவைத்துச் சுவையுங்கள். குறைவதை அப்போதே சேர்க்கலாம். இரண்டு நிமிட வேலை. மொத்தச் சட்டியையும் காப்பாற்றும்.

★ கையை நனைத்துக்கொண்டால் உருண்டை வழவழப்பாக வரும். சிறு எலுமிச்சை அளவு போதும். மேற்சொன்ன அளவில் 20 உருண்டை தேறும். அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்தால் வாணலியில் உடையாது.

★ உருண்டையைப் பொன்னிறமாகப் புரட்டி எடுப்பது அழகுக்காக மட்டுமில்லை. கறியின் மேற்பரப்பு 140 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது புரதமும் சர்க்கரையும் வினைபுரிந்து வறுத்த மணத்தைத் தருகின்றன. 1912-இல் இதை விவரித்த பிரெஞ்சு வேதியியலாளர் லூயி காமில் மயார் பெயராலேயே அதை 'மயார் வினை' என்கிறார்கள். வாணலியை நெருக்கடியாக நிரப்பினால் நீராவி சேர்ந்து உருண்டை வெந்துபோகும், நிறம் வராது. இரண்டு தவணையாக வறுங்கள்.

★ அடியில் பிடித்த பழுப்புப் படலத்தைக் கழுவிவிடாதீர்கள். அதே வாணலியில் ஆலிவ் எண்ணெய் விட்டுப் பூண்டை வதக்கித் தக்காளியை ஊற்றினால் அந்தப் படலம் கரைந்து சாஸுக்குள் இறங்கும். இங்கே சாஸ் என்பது பாட்டில் கெச்சப் இல்லை. பழுத்த தக்காளி 1 கிலோவைத் தோலுரித்துக் கொதிக்கவிடுவது. ஓரங்களில் எண்ணெய் பிரிந்து மினுமினுக்கும்போது சாஸ் தயார்.

★ தக்காளியின் விதையைச் சுற்றியுள்ள வழவழப்பை எறிந்துவிடுபவர்கள் ருசியை எறிகிறார்கள். சதைப்பகுதியைவிட அங்கேதான் குளுட்டமேட் அதிகம். 1908-இல் ஜப்பானிய வேதியியலாளர் கிகுனே இகேதா 'உமாமி' என்று பெயரிட்ட சுவை அதனால் வருவது. இறைச்சியில் இருக்கும் இனோசினேட் இந்தக் குளுட்டமேட்டோடு சேரும்போது, தனித்தனியாகத் தருவதைவிடச் சுவை பல மடங்கு எடுபடும். மெலிந்த வான்கோழிக் கறி தக்காளியில் கிடந்தால் கனத்த ருசி பெறுவது இதனால்தான்.

★ வறுத்த உருண்டைகளைச் சாஸில் இறக்கி, சிறு தீயில் 15 நிமிடம் விடுங்கள். தளதளவென்று கொதித்தால் கறி இறுகும். கோழியினக் கறிக்கு அமெரிக்க வேளாண் துறை சொல்லும் பாதுகாப்பான உள்வெப்பம் 74 டிகிரி செல்சியஸ். அதை எட்டியதும் அடுப்பை அணையுங்கள். மேலும் வெந்தால் ரொட்டி காத்த ஈரமும் வெளியேறிவிடும்.

★ வான்கோழி நமக்கும் தூரத்துப் பறவை இல்லை. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம், நாட்டுக் கறுப்பு வான்கோழியையும் அமெரிக்காவின் பெல்ட்ஸ்வில் சிறு வெள்ளை இனத்தையும் கலந்து, நம் தட்பவெப்பத்துக்கு ஏற்ற 'நந்தனம் வான்கோழி-1' வகையை உருவாக்கியிருக்கிறது. மெக்சிகோவின் வான்கோழியும் தக்காளியும் இன்று நம் மண்ணிலும் கிடைக்கின்றன. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவற்றை ஒரே வாணலியில் சேர்த்துவிடுங்கள்.