காட்டுத்தீயும் தனித்தேனீக்களின் கூடுகளும்: கங்காரு தீவு ஓர் எடுத்துக்காட்டு

"தேனீ எங்கே வாழ்கிறது?" என்று வகுப்பில் கேட்டால் எல்லோரும் ஒரே குரலில் "தேன்கூட்டில்" என்பீர்கள். அடுத்த மூச்சில் இராணித் தேனீ, வேலையாள் தேனீ, ஆண் தேனீ என்று ஒப்புவித்தும் விடுவீர்கள். விடை பிழையன்று. ஆனால் அது உலகத் தேனீக்களில் ஒரு சிறு பகுதிக்கே பொருந்தும். இதுவரை பெயரிட்டு விபரிக்கப்பட்ட தேனீ இனங்கள் 20,000இற்கும் அதிகம். அவற்றுள் பெரும்பாலானவற்றுக்கு இராணியும் இல்லை, வேலையாளும் இல்லை. ஒவ்வொரு பெண் தேனீயும் தானே கூடு அமைத்து, தானே உணவு தேடி, தானே முட்டையிடும். இவற்றையே தனித்தேனீக்கள் என்கிறோம்.

தனித்தேனீயின் கூடு எளிமையானது. ஒரு சுரங்கம், அதற்குள் சில அறைகள். தாய்த் தேனீ மகரந்தத்தையும் பூந்தேனையும் குழைத்து உருண்டையாக்கி அறையில் வைக்கும். அதன்மேல் ஒரு முட்டையிடும். அறையை மூடிவிட்டு அடுத்த அறைக்குச் செல்லும். முட்டையிலிருந்து வரும் குடம்பி அந்த உருண்டையை உண்டு வளர்ந்து, கூட்டுப்புழுவாகி, பின்னர் நிறைவுடலியாக வெளியே வரும். இதற்குப் பல மாதங்கள் செல்லலாம். இந்த இடத்தில் ஒன்றை மனதில் நன்றாகப் பதித்துக்கொள்ளுங்கள். நிறைவுடலித் தேனீ பறந்து தப்பலாம். முட்டைக்கும் குடம்பிக்கும் கூட்டுப்புழுவுக்கும் அந்த வசதி இல்லை. ஆகவே காட்டுத்தீ வரும்போது அவை பிழைப்பதும் அழிவதும் கூடு எதில் அமைந்துள்ளது என்பதிலேயே தங்கியுள்ளது.

முதலில் மண்ணைப் பார்ப்போம். பத்துத் தேனீ இனங்களை எடுத்தால் ஏறக்குறைய ஏழு இனங்கள் மண்ணைத் தோண்டியே கூடு அமைக்கின்றன. மண் வெப்பத்தை அரிதிற் கடத்தும். சித்திரை வெயிலில் வெறுங்காலுடன் மணலில் நடந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மேல் மணல் காலைச் சுடும், சற்றுக் கிளறினால் உள்ளே குளிர்ச்சியாக இருக்கும். காட்டுத்தீயிலும் இதுதான் நடக்கிறது. மேலே நூற்றுக்கணக்கான பாகை வெப்பத்தில் தீ எரிந்து கடந்தாலும், 10 சென்ரிமீற்றருக்குக் கீழே உள்ள அறைகளில் பிள்ளைகள் பெரும்பாலும் தப்பிவிடும். மேற்பரப்பிலிருந்து ஐந்து சென்ரிமீற்றருக்குள் இருப்பவை தப்புவது கடினம். விழுந்த பெரிய மரக்குற்றி ஒன்று ஒரே இடத்தில் மணிக்கணக்காகக் கனன்றால் அங்கே கதை வேறு. வெப்பம் ஆழமாக இறங்கிவிடும்.

மண்ணில் கூடு அமைப்பவைக்குத் தீயினால் ஒரு நன்மையும் உண்டு என்று சொன்னால் வியப்பீர்கள். சருகும் புதரும் எரிந்து வெறும் நிலம் வெளிப்படுகிறது. தேனீ தோண்டுவதற்கு அதுவே வசதி. மழை பெய்ததும் அந்நிலத்தில் பூண்டுகள் செழித்துப் பூப்பதும் உண்டு. ஆனால் தீக்கும் அந்தப் பூப்புக்கும் இடையில் வெளிவரும் தேனீயின் பாடு என்ன? சிறிய தனித்தேனீக்கள் கூட்டிலிருந்து சில நூறு மீற்றர் தூரமே உணவு தேடிச் செல்லக்கூடியவை. அந்தத் தூரத்துக்குள் பூ எதுவும் இல்லையென்றால் கூடு தப்பியும் பயனில்லை.

அடுத்து, மரத்தில் ஏற்கெனவே உள்ள துளைகளில் குடியேறுபவை. பட்ட மரங்களை வண்டுகளின் குடம்பிகள் துளைத்துவிட்டுப் போன பின், அந்தத் துளைகளில் இலைவெட்டித் தேனீ போன்றவை வாடகைக் குடியிருப்பாளர் போல வந்து சேரும். தீ அந்தக் கொப்புகளைக் கூடுகளுடன் சாம்பலாக்கும். எனினும் தீயினால் பட்டுப்போன மரங்களுக்கு மீண்டும் வண்டுகள் வரும், மீண்டும் துளைகள் உண்டாகும். ஆகவே இவற்றுக்கு முதலில் பெரும் இழப்பு, சில ஆண்டுகளின் பின் ஓரளவு மீட்சி. எரிந்த காட்டை "துப்புரவு" செய்கிறோம் என்று பட்ட மரங்களை எல்லாம் வெட்டி அகற்றிவிட்டால் அந்த மீட்சியும் இல்லை.

எல்லாவற்றிலும் இக்கட்டான நிலை, தானே மரத்தைக் குடைந்து கூடு அமைக்கும் தேனீக்களுடையது. இவற்றின் உறவினரை நீங்கள் எல்லோரும் கண்டிருக்கிறீர்கள். வீட்டுக் கூரை மரத்தில் வட்டமாகத் துளை போட்டு, கீழே மரத்தூளைக் கொட்டி, ரீங்காரமிட்டுத் திரியும் கருவண்டுதான் அது. பெயரில் வண்டு என்று இருந்தாலும் அது ஒரு தேனீ. கொடித்தோடைப் பூவில் மகரந்தச் சேர்க்கை செய்வதில் அதற்கு முக்கிய பங்குண்டு. (வளை மரத்தைப் பழுதாக்குகிறது என்று அதைத் தும்புத்தடியால் அடிப்பவர்கள், கொடித்தோடை காய்க்கவில்லை என்று கவலைப்படுவதையும் நான் பார்த்திருக்கிறேன்.)

இந்தக் குடும்பத்தில் அவுஸ்திரேலியாவில் வாழும் ஓர் இனம் பச்சைத் தச்சுத்தேனீ. விஞ்ஞானப் பெயர் சைலோகோபா ஏரேட்டா. உடல் உலோகம் போலப் பொன்பச்சை நிறத்தில் மின்னும். நீளம் ஏறக்குறைய இரண்டு சென்ரிமீற்றர். புவியியல் படிப்பிக்கும் எனக்கு இந்த எடுத்துக்காட்டு பிடித்ததற்குக் காரணம், இதில் தேசப்படமும் காலக்கோடும் ஒன்றாக வருவதுதான். பக்கத்தில் அவுஸ்திரேலியத் தேசப்படத்தை வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

ஒரு காலத்தில் இத்தேனீ தென் அவுஸ்திரேலிய மாநிலத்தின் பெருநிலப்பரப்பிலும் விக்டோரியா மாநிலத்திலும் வாழ்ந்தது. பெருநிலப்பரப்பில் 1906உடனும், விக்டோரியாவில் 1938உடனும் அது அற்றுப்போனது. இன்று எஞ்சியிருப்பது இரண்டு பக்கங்களில். ஒன்று, நியூ சவுத் வேல்ஸில் சிட்னியைச் சூழவுள்ள மணற்கல் நிலப்பகுதிகள். மற்றது, அடிலெயிட் நகருக்குத் தென்மேற்கே கடலில் உள்ள கங்காரு தீவின் மேற்குப் பகுதி. இத்தீவின் பரப்பளவு ஏறக்குறைய 4,400 சதுர கிலோமீற்றர். யாழ்ப்பாண மாவட்டத்தைப் போல நான்கு மடங்குக்கும் அதிகம்.

இத்தேனீக்கு எந்த மரமும் சரிவராது. தாடையால் குடையவேண்டியிருப்பதால் மரம் பட்டதாகவும், மென்மையானதாகவும், அதேவேளை உழுத்துக் கொட்டாததாகவும் இருக்கவேண்டும். கங்காரு தீவில் இதற்குப் பொருத்தமானவை இரண்டே. பாங்சியா மரத்தின் பட்ட தண்டு ஒன்று. புல்மரத்தின் காய்ந்த பூந்தண்டு மற்றது. இந்த இரண்டும் தீயுடன் கொண்டுள்ள தொடர்பு நேர்மாறானது. பாடத்தின் உயிர்நிலை இதுதான், ஆறுதலாக வாசியுங்கள்.

புல்மரம் தீயின் பின் பெருமளவில் பூக்கும். பெயருக்கேற்பப் புற்கற்றை போன்ற இலைகளின் நடுவிலிருந்து நீண்ட ஈட்டி போலப் பூந்தண்டு எழும். பூத்து முடிந்ததும் அது காய்ந்து தேனீக்குக் கூடாகப் பயன்படும். ஆனால் அதன் ஆயுள் குறுகியது. தீ நடந்து இரண்டாம் ஆண்டு முதல் ஐந்தாம் ஆண்டு வரை கிடைக்கும், அதன்பின் உக்கி விழுந்துவிடும். பாங்சியாவோ தீயில் மடிகிறது. விதையிலிருந்து புதிதாக முளைத்து வளர்ந்து, கூடு குடையும் அளவுக்குத் தடித்த பட்ட மரத்தைத் தருவதற்கு ஏறத்தாழ 30 ஆண்டுகள் தேவை.

இப்போது கணக்கைப் போடுங்கள். முழுவதும் எரிந்த ஒரு நிலத்தில் ஐந்தாம் ஆண்டுக்குப் பின் புல்மரத் தண்டு இல்லை. முப்பதாம் ஆண்டு வரை பாங்சியாவும் இல்லை. நடுவில் ஏறக்குறைய 25 ஆண்டுகள் அந்நிலத்தில் தேனீக்கு வீடே இல்லை. அக்காலத்தில் அது பிழைக்கவேண்டுமானால் அருகில் எரியாத பழைய பாங்சியாக் காடு ஒன்று இருந்தே ஆகவேண்டும். சிறுசிறு துண்டுகளாக, வெவ்வேறு ஆண்டுகளில் தீ எரிந்தால் இது சாத்தியம். ஒரு துண்டில் வீடு இழந்த தேனீ அடுத்த துண்டுக்குச் செல்லும். பல்லாயிரம் ஆண்டுகளாகத் தீ எரியும் நாட்டில் இத்தேனீ வாழ்ந்து வந்ததன் இரகசியம் இதுவே.

2007 டிசம்பரில் மின்னலினால் மூண்ட தீ, தீவின் மேற்கிலுள்ள பிளிண்டர்ஸ் சேஸ் தேசிய பூங்காவின் பெரும்பகுதியை எரித்தது. பழைய பாங்சியாக்கள் பெரும்பாலும் போயின. பூந்தண்டுகளும் சில ஆண்டுகளில் முடிந்தன. அடிலெயிட் பல்கலைக்கழக ஆய்வாளர் கட்யா ஹோகெண்டோர்னும் அவருடன் சேர்ந்தோரும் 2012 முதல் மென்மரத்தாலான செயற்கைத் தண்டுகளைச் செய்து, தேனீ எஞ்சியிருந்த இடங்களில் நட்டுவைத்தனர். தேனீக்கள் அவற்றை ஏற்றுக்கொண்டன. குடைந்து கூடு அமைத்துப் பிள்ளைகளையும் வளர்த்தன. 2037 அளவில் புதிய பாங்சியாக்கள் தயாராகும் வரை இவ்வாறு காலத்தைக் கடத்தலாம் என்று நம்ப இடமிருந்தது.

2019 டிசம்பரில் மீண்டும் மின்னல். 2020 ஜனவரி 3ஆம் திகதி தீ கட்டுக்கடங்காமல் பரவியது. அன்று தீவில் இருவர் உயிரிழந்தனர். எல்லாம் முடிந்தபோது எரிந்திருந்த பரப்பு ஏறக்குறைய 211,000 ஹெக்டெயர், அதாவது 2,110 சதுர கிலோமீற்றர். தீவின் பரப்பளவுடன் ஒப்பிட்டுப் பாருங்கள், அரைவாசிக்குச் சற்றே குறைவு. 2007இன் பின் முளைத்த பாங்சியாக்களுக்கு அப்போது வயது பன்னிரண்டு. ஒரு தேனீக்கும் வீடு கொடுக்காமலே அவை எரிந்தன. 2007இல் தப்பிய பழைய மரங்களில் பெரும்பாலானவையும், செயற்கைத் தண்டுகளில் பெரும்பாலானவையும் எரிந்தன.

மாதத்தையும் கவனியுங்கள். தென்னரைக்கோளத்தில் டிசம்பர், ஜனவரி கோடைகாலம். தேனீக்கள் பிள்ளை வளர்க்கும் பருவமும் அதுதான். கூடுகள் நிறைந்திருந்த வேளையில் தீ வந்தது.

"ஒரு தேனீ இனம் போனால் என்ன, வேறு தேனீ இல்லையா?" என்று ஒரு மாணவி கேட்டார். நல்ல கேள்வி. கங்காரு தீவில் வேறு தேனீ தாராளமாக உண்டு. இத்தாலியின் லிகூரியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட வளர்ப்புத் தேனீக்களுக்கு அத்தீவு 1885இல் சட்டத்தின் மூலம் சரணாலயமாக்கப்பட்டது. ஆனால் அந்தத் தேனீயால் செய்யமுடியாத வேலை ஒன்றுண்டு. சில பூக்களின் மகரந்தக்கூடு நுனியில் சிறு துவாரம் மட்டுமே கொண்டது. தேனீ அதைப் பற்றிப்பிடித்து, பறக்கும் தசைகளை வேகமாக அதிரச்செய்தால்தான் மகரந்தம் உதிரும். தச்சுத்தேனீ இதைச் செய்யும், வளர்ப்புத் தேனீ செய்யாது. நமது தோட்டத்துக் கத்தரிப்பூவும் தக்காளிப்பூவும் இத்தகையவையே. கங்காரு தீவின் காட்டுச் செடிகள் சிலவும் இவ்வாறு அதிர்வை எதிர்பார்த்து நிற்பவை. தேனீ குறைந்தால் அச்செடிகளின் விதையும் குறையும்.

2020இன் பின் எரியாத எஞ்சிய பகுதிகளில் மீண்டும் செயற்கைத் தண்டுகள் வைக்கப்பட்டன. தீவில் பாங்சியாக்கள் மறுபடியும் முளைத்திருக்கின்றன. அவற்றின் 30 ஆண்டு முடிவது 2050இல்.

இது ஒரு தேனீயின் கதை மட்டுமன்று. 2019-20 காலத்தில் அவுஸ்திரேலியா முழுவதும் 24 மில்லியன் ஹெக்டெயருக்கு மேல் எரிந்தது. அதன்பின் 553 தேனீ இனங்களின் பரம்பலை எரிந்த பகுதிகளுடன் ஒப்பிட்டு 2021இல் ஓர் ஆய்வு வெளியானது. அவற்றுள் 11 இனங்களை ஆபத்துக்குள்ளானவையாகப் பட்டியலிடவேண்டும் என்று அது கூறியது.

பரீட்சைக்கு வருவோம். காட்டுத்தீயின் விளைவுகள் பற்றி எழுதும்போது "விலங்குகள் இறக்கும், மரங்கள் அழியும், காபனீரொட்சைட்டு கூடும்" என்று மூன்று வரியுடன் நிறுத்திவிடுகிறீர்கள். புள்ளி கிடைக்கும், முழுப் புள்ளி கிடைக்காது. வாழிடம் என்ற சொல்லைப் பயன்படுத்தி, எந்த உயிரிக்கு எந்த வாழிடம், அது மீள எவ்வளவு காலம் எடுக்கும் என்று எழுதிப் பழகுங்கள். "தீ எப்போதும் தீமையே" என்றும் எழுதவேண்டாம். காரணத்தை எழுதும்போதும் நாட்டைப் பாருங்கள். கங்காரு தீவில் மின்னல் காரணம். இலங்கையில் ஊவாவின் பத்தனைப் புல்நிலங்கள் வறண்ட காலத்தில் எரிவது பெரும்பாலும் மனிதரால்.

பின்வரும் வினாவுக்கு விடை எழுதிப் பாருங்கள்.

ஒரு காட்டின் அரைப்பங்கு 2025இல் எரிகிறது. அங்கு மண்ணில் 15 சென்ரிமீற்றர் ஆழத்தில் கூடு அமைக்கும் தேனீ இனம் ஒன்றும், 30 ஆண்டுகள் வளர்ந்த பட்ட மரத்தில் மட்டும் கூடு குடையும் தேனீ இனம் ஒன்றும் வாழ்கின்றன. (அ) 2026இல் எவ்வினம் எரிந்த பகுதியில் காணப்படும் வாய்ப்பு அதிகம்? காரணம் தருக. (2 புள்ளிகள்) (ஆ) எரியாத மறு அரைப்பங்கு 2040இல் எரிந்தால் இரண்டாவது இனத்துக்கு யாது நிகழும்? அதே அரைப்பங்கு 2060இல் எரிந்தால்? வேறுபாட்டை விளக்குக. (4 புள்ளிகள்)

(ஆ) பகுதிக்கு ஒரு குறிப்பு மட்டும் தருகிறேன். முதலில் எரிந்த பகுதியிலுள்ள மரங்களின் வயதை 2040இலும் 2060இலும் தனித்தனியே கணித்துவிட்டு எழுதத் தொடங்குங்கள்.