மின்னூல் எழுத்துருப் பொதிவும் நீலகிரி மொழிகளும்

எழுத்துருப் பொதிவு என்பது, ஒரு மின்னூலை வாசிக்கத் தேவையான எழுத்துருக் கோப்பை அந்நூலினுள்ளேயே சேர்த்து வைக்கும் முறையாகும். வாசிப்பவரின் கருவியில் இல்லாத சிறப்பு எழுத்துகளும் குறியீடுகளும் பிழையின்றித் தெரிய இம்முறை பயன்படுகிறது. பொதுவான தமிழ் நூல்களுக்கு இன்று இது பெரும்பாலும் தோற்றப் பொலிவுக்கான ஏற்பாடே. ஆனால் நீலகிரி மாவட்டத்தின் தோடர், கோத்தர், படுகர் முதலிய மக்களின் மொழிகளைத் தமிழ் எழுத்தில் பதிப்பிக்கும்போது, பொருள் மாறாமல் இருப்பதே இதனைச் சார்ந்திருக்கக்கூடும்.

நீலகிரி மொழிகளின் ஒலிகள்

உதகமண்டலம், குன்னூர், கோத்தகிரி ஆகிய பகுதிகளில் பேசப்படும் தோடா, கோத்தா, படுகு மொழிகள் திராவிட மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தவை. இவற்றுக்கெனப் பரவலாக வழங்கும் தனி எழுத்துமுறை இல்லை. படுகு மொழியில் 1890 ஆம் ஆண்டு மங்களூர் பாசல் மிசன் அச்சகம் வெளியிட்ட கிறித்தவ நூல் கன்னட எழுத்தில் அச்சிடப்பட்டது. தமிழ் எழுத்திலும் இம்மொழி எழுதப்படுகிறது.

மொழியியலாளர் எம். பி. எமனோ (1904 - 2005) 1930களில் நீலகிரியில் கள ஆய்வு செய்து, கோத்தர் கதைகளையும் தோடர் பாடல்களையும் திரட்டினார். கோத்தர் கதைத் தொகுதிகள் 1944 - 1946 காலத்திலும், தோடர் பாடல்கள் 1971 ஆம் ஆண்டிலும் நூல்களாக வெளிவந்தன. அவர் உரோம எழுத்துகளின் மேலும் கீழும் குறிகள் இட்டு ஒலிகளைக் குறித்தார்.

படுகு மொழியின் உயிரொலிகள் பற்றி எமனோ 1939 இல் எழுதிய கட்டுரை குறிப்பிடத்தக்கது. அதில் உயிரொலிகள் இயல்பு, அரை நாமடி, முழு நாமடி என மூன்று நிலைகளில் வேறுபடுவதாக அவர் காட்டினார். 'பெ' என்பதை ஒத்த ஓரசைச் சொல், இயல்பாக ஒலித்தால் வாய், அரை நாமடியாக ஒலித்தால் வளையல், முழு நாமடியாக ஒலித்தால் பயிர் எனப் பொருள்படும். தமிழ் எழுத்தில் குறியின்றி எழுதினால் மூன்றும் ஒன்றாகிவிடும். இவ்வேறுபாடு இன்றைய பேச்சில் பெரிதும் மறைந்து வருவதால், பழைய பதிவுகளில் உள்ள குறிகளுக்கு மதிப்பு கூடுகிறது.

தோடா மொழியிலும் தமிழ் எழுத்தில் அடங்காத ஒலிகள் பல உள்ளன. நான்கு வகைச் சகர, சகாரம் சார்ந்த உரசொலிகளும், மூன்று இடங்களில் பிறக்கும் ரகர வகைகளும், குரலிலா லகரமும் அவற்றுள் சில.

ஒருங்குறியில் சிறப்பு எழுத்துகள்

ஒருங்குறியில் ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எண் உண்டு. தமிழுக்கு 2944 முதல் 3071 வரையான இடம் ஒதுக்கப்பட்டுள்ளது. ககரத்தின் எண் 2965. தமிழின் பழைய பின்னக் குறிகளும் அளவைக் குறிகளுமாக 51 குறியீடுகள் 2019 ஆம் ஆண்டு 'தமிழ் பிற்சேர்க்கை' என்னும் வேறு பகுதியில் சேர்க்கப்பட்டன. பல கருவிகளில் இவற்றுக்கான எழுத்துரு இருப்பதில்லை.

தமிழ் எழுத்தோடு சேர்க்கப்படும் குறிகள் இரு வகைப்படும்.

தனித்து நிற்கும் குறிகள்: எழுத்தை அடுத்துத் தமக்கென இடம் எடுத்துக்கொள்பவை. வடமொழி ஒலிகளைக் காட்டத் தமிழ் நூல்களில் வழங்கும் மேலெண்கள் 2, 3, 4 ஆகியவையும், நாமடி ஒலியைக் காட்டும் கொக்கிக் குறியும் (எண் 734) இவ்வகையின. இவை ஓரளவு பாதுகாப்பானவை.

ஒட்டும் குறிகள்: முன்னுள்ள எழுத்தின் மேலோ கீழோ அமர்பவை. எழுத்துருவில் அக்குறி அமர வேண்டிய இடம் வரையறுக்கப்பட்டிருக்க வேண்டும். இல்லையெனில் குறி விலகி விழும். அல்லது புள்ளி வட்டமோ வெற்றுக் கட்டமோ தோன்றும்.

குறிகளின் வரிசையும் முதன்மையானது. 'கெ' என்னும் எழுத்து திரையில் கொம்போடு தொடங்கினாலும், கோப்பில் ககரம் முதலிலும் கொம்பு பின்னும் அமைகின்றன. மேலெண் இவ்விரண்டையும் அடுத்து வர வேண்டும். இடையில் புகுந்தால் கொம்பு தன் மெய்யிலிருந்து பிரிந்துவிடலாம்.

பொதியும் முறை

இபப் வடிவ மின்னூல் என்பது மீயுரைப் பக்கங்கள், நடைதாள், படங்கள் முதலியவற்றைச் சுருக்கிக் கட்டிய ஒரு தொகுப்பாகும். 2007 இல் வெளியான இரண்டாம் பதிப்பிலேயே எழுத்துருவைப் பொதிய வழி இருந்தது. 2011 இல் வெளியான மூன்றாம் பதிப்பு, வாசிப்புச் செயலிகள் ஓப்பன்டைப், வோஃப் எழுத்துரு வகைகளை ஏற்க வேண்டும் என வரையறுத்தது. பொதிதல் பின்வரும் படிகளில் நடைபெறுகிறது.

1. எழுத்துருக் கோப்பைத் தொகுப்பினுள் ஓர் அடைவில் இடுதல்.
2. நூலின் உள்ளடக்கப் பட்டியலில் அக்கோப்பையும் அதன் வகையையும் பதிதல்.
3. நடைதாளில் எழுத்துருவின் பெயரையும் இருப்பிடத்தையும் அறிவித்தல்.
4. அப்பெயரை உரிய பத்திகளுக்கு அளித்து, அடுத்த தெரிவாக வேறோர் எழுத்துருவையும் குறித்தல்.
5. மொழிக் குறியீட்டை இடுதல். படுகு மொழிக்கு பி.எஃப்.கியூ., தோடாவுக்கு டி.சி.எக்ஸ்., கோத்தாவுக்கு கே.எஃப்.இ. என்பவை பன்னாட்டுக் குறியீடுகள். இவற்றோடு தமிழ் எழுத்து என்பதையும் குறிக்கலாம்.

கோப்பின் அளவைக் குறைக்க, நூலில் வரும் எழுத்துகளை மட்டும் வைத்து எழுத்துருவை நறுக்குவதுண்டு. அப்போது கூட்டெழுத்துகளை அமைக்கும் அட்டவணைகளும் வெட்டுப்பட்டால், 'கு', 'டி' போன்ற எழுத்துகள் உடைந்து தோன்றும். தமிழ் எழுத்துருக்கள் சீன எழுத்துருக்களைப் போலப் பெரியவை அல்ல என்பதால், முழுக் கோப்பையும் சேர்ப்பதே பெரும்பாலும் நலம்.

தவிர்க்க வேண்டியவை

ஒருங்குறி பரவுவதற்கு முன், உரோம எழுத்துகளுக்குரிய எண்களில் தமிழ் வடிவங்களை வரைந்து வைத்த எழுத்துருக்கள் பல வழங்கின. ஒவ்வொன்றும் ஒவ்வொரு முறையைப் பின்பற்றியதால், ஒன்றில் எழுதியதை மற்றொன்றில் படிக்க இயலவில்லை. இக்குழப்பத்தைக் குறைக்கவே டிஸ்கி, டாம், டாப் போன்ற குறியேற்றங்கள் உருவாயின. 2010 இல் தமிழ்நாடு அரசு ஒருங்குறியையும் டேஸ் 16 முறையையும் தரமாக அறிவித்தது.

இன்றும் ஒரு புதிய ஒலிக்கு வேறோர் எழுத்தின் எண்ணில் வடிவம் வரைந்து பொதிவது எளிய வழியாகத் தோன்றலாம். ஆனால் பல வாசிப்புச் செயலிகளில் பயனர் பதிப்பாளரின் எழுத்துருவை நீக்கித் தமக்கு விருப்பமானதைத் தெரிவு செய்யலாம். நீக்கிய உடனே அச்சொல் பொருளற்ற எழுத்துக் கோவையாகிவிடும். சொல்லைப் படமாக இட்டால் தேடவோ, நகல் எடுக்கவோ, திரைபடிப்பான் வழியே கேட்கவோ இயலாது. எழுத்துரு வடிவத்தைத் தருவது. பொருளைத் தாங்குவது குறியேற்றமே. எண் சரியாக இருந்தால், எழுத்துரு கிடைக்காத கருவியில் கட்டம் தோன்றினாலும் தரவு அழியாமல் நிற்கும்.

உரிமம்

ஓர் எழுத்துருவைக் கணினியில் பயன்படுத்தும் உரிமை, அதனை மின்னூலில் பொதியும் உரிமையாகாது. பொதிவுக்கான அனுமதி நிலை பல எழுத்துருக் கோப்புகளினுள்ளேயே குறிக்கப்பட்டிருக்கும். திறந்த எழுத்துரு உரிமத்தில் வெளியாகும் நோட்டோ தமிழ் எழுத்துருக்களையும், ஒலிக்குறிகள் நிறைந்த சாரிஸ் போன்றவற்றையும் தடையின்றிப் பொதியலாம்.

முக்கியத்துவம்

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி படுகு மொழியைத் தாய்மொழியாகப் பதிந்தோர் ஏறத்தாழ 1.3 லட்சம் பேர். தோடாவையும் கோத்தாவையும் பேசுவோர் மிகச் சிலரே. இவ்விரண்டையும் யுனெசுக்கோ மிகவும் அருகிவரும் மொழிகளாகப் பட்டியலிட்டுள்ளது. இத்தகைய மொழிகளில் வெளிவரும் ஒவ்வொரு கதைத் தொகுப்பும் சொற்பட்டியலும் பிற்காலத்தவருக்குச் சான்றாக அமையக்கூடியவை. ஆகவே நூலை வெளியிடும் முன், பொதிந்த எழுத்துருவோடு ஒரு முறையும் அதனை நீக்கி ஒரு முறையும், கைப்பேசி, கணினி, மின்னூல் படிப்பான் ஆகியவற்றில் திறந்து சரிபார்ப்பது இன்றியமையாததாகும்.

இவற்றையும் பார்க்க

- ஒருங்குறி
- தமிழ் எழுத்துருக்கள்
- படுகு மொழி
- தோடா மொழி
- கோத்தா மொழி