பல் டாக்டர் ஆகணுமா? முதலில் தேங்காயைப் படி!

'நீட்' தேர்வில் கால் பங்கு மார்க் செடி-கொடியில் இருக்கிறது

சென்னை,-

பல்லைப் பிடுங்கப் போகிற டாக்டருக்கு பூவும் காயும் எதற்கு?

'நீட்' எழுதும் பிள்ளைகள் இருக்கிற வீடுகளில் அடிக்கடி எழும் கேள்வி இது. "பல் ஆஸ்பத்திரியில் செம்பருத்திப் பூவுக்கு என்னம்மா வேலை?" என்று அப்பாமார் கேட்கிறார்கள்.

பிள்ளைகளும் தாவரவியல் புத்தகத்தை ஓரங்கட்டிவிட்டு இயற்பியல் கணக்கோடு மல்லுக்கட்டுகிறார்கள். அங்கேதான் 'சீட்' கை நழுவுகிறது!

5 மார்க் போச்சு

தமிழ்நாட்டில் 2007 முதல் 2016 வரை அரசு ஒதுக்கீட்டு பி.டி.எஸ். இடங்களுக்கு பிளஸ்-2 மார்க்கே போதும். 2017 முதல் 'நீட்' மார்க்தான்.

2025-ம் ஆண்டு தேர்வில் மொத்தம் 180 கேள்விகள். 720 மார்க். நேரம் 3 மணி. இதில் உயிரியல் மட்டும் 90 கேள்விகள். அதில் ஏறத்தாழ பாதி தாவரவியல்.

சரியான விடைக்கு 4 மார்க். தப்பான விடைக்கு 1 மார்க் வெட்டு. தெரிந்த கேள்வியைக் குழப்பிக்கொண்டு தப்பாக அடித்தால் 5 மார்க் வித்தியாசம்!

இரண்டு பேர் ஒரே மார்க் எடுத்தால்? உயிரியலில் யாருக்கு மார்க் அதிகமோ அவருக்கே முதல் இடம். இது 2025 தேர்வின் விதி.

சமையல்கட்டே பள்ளிக்கூடம்

இந்தப் பாடத்துக்கு டியூஷன் மாஸ்டர் வீட்டிலேயே இருக்கிறார். காய்கறிக் கூடைதான் அது!

உருளைக்கிழங்கு, இஞ்சி இரண்டும் மண்ணுக்குள் இருந்தாலும் தண்டு. சர்க்கரைவள்ளிக்கிழங்கு, கேரட், முள்ளங்கி மூன்றும் வேர்.

இளநீர் என்ன? விதை வளர்வதற்கான சாப்பாடு. அதற்குப் பெயர் கருவூண். தண்ணீராக இருக்கும்போது அதில் உட்கருக்கள் மட்டும் மிதக்கும். செல் செல்லாகப் பிரிந்து கெட்டியானதுதான் வெள்ளைத் தேங்காய்.

செம்பருத்தியில் மகரந்தத் தாள்கள் எல்லாம் ஒரே கற்றை. பட்டாணிப் பூவில் 9-ம் 1-மாக இரண்டு கற்றை. எலுமிச்சைப் பூவில் பல கற்றை. பூவைப் பிரித்துப் பார்த்தவர் இதை மறக்க மாட்டார்.

பல்லுக்கும் பாசிக்கும் உறவு!

சரி, பல் வைத்தியத்துக்கு இது உதவுமா? உதவும்!

பல் செட் கட்ட அளவு எடுக்கும்போது டாக்டர் மாவுபோல் குழைத்து வாயில் வைக்கிறாரே, அது 'ஆல்ஜினேட்'. பழுப்புக் கடல் பாசியில் கிடைப்பது. ராமநாதபுரம் மாவட்டக் கடலில் பெண்கள் மூழ்கி எடுக்கும் பாசிகளில் இந்த வகையும் உண்டு. பாசி, தாவரவியல் பாடத்தில் வருகிறது.

பல்லின் வேர்க்குழாயைச் சுத்தம் செய்து அடைக்கும் 'கட்டா பெர்ச்சா', மலேயாப் பக்கத்து மரத்தின் பால். பல் வலிக்கு வைக்கும் கிராம்புத் தைலம், மலராத பூ மொட்டில் எடுப்பது.

ஏழைக்கு ஏணி

அரசுப் பள்ளி மாணவ-மாணவிகளுக்கு 2020-ல் வந்த 7.5 சதவீத உள் ஒதுக்கீடு பி.டி.எஸ். படிப்புக்கும் உண்டு. ஆனால் அங்கேயும் வரிசை 'நீட்' மார்க்கை வைத்துத்தான்.

பெரிய பயிற்சி மையத்துக்குப் பணம் கட்ட முடியாத வீட்டுப் பிள்ளைக்கு, புத்தகத்தைப் படித்தே மார்க் அள்ளக்கூடிய பகுதி தாவரவியல். இதில் நீளமான கணக்கு இல்லை. பெயரும் வித்தியாசமும் மனதில் நின்றால் போதும். அதைத் தூக்கிப் போடுவது, கையில் கிடைத்த ஏணியைத் தள்ளிவிடுவது போல!

சாயங்காலம் வீடு திரும்பும் அப்பாக்களே! போகிற வழியில் ஒரு சர்க்கரைவள்ளிக்கிழங்கு வாங்குங்கள். "இது வேரா, தண்டா?" என்று பிள்ளையைக் கேளுங்கள்.

பிள்ளை முழித்தால், இன்று ராத்திரியே புத்தகத்தை எடுக்கச் சொல்லுங்கள்!